கம்பி எட்டாத தோட்டங்களுக்குப் பாட்டரிக் கருவிகள்

கிருஷ்ணகிரி ஜில்லாவில் மா பயிரிடுவோர் பலருக்குத் தோட்டம் ஓரிடத்திலும் மின்சாரம் வேறோரிடத்திலும் இருக்கின்றன. கிணறும் பம்புசெட்டும் பள்ளத்தில். மரங்களோ கரட்டின் சரிவில். வேளாண்மைக்கு இலவசமாகக் கிடைக்கும் மின்சாரம் கிணற்றோடு நின்றுவிடுகிறது. தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கங்களில் வீட்டிலிருந்து வெகுதூரம் நடந்து சேர வேண்டிய தோட்டங்கள் உண்டு. அங்கே ஒரு கிளையை அறுக்கவோ, மருந்து தெளிக்கவோ, பந்தற்காலில் துளை போடவோ வேண்டுமானால், சில காலம் முன்பு வரையில் இரண்டே வழிகள் இருந்தன: ஆளின் கை, அல்லது பெட்ரோல் யந்திரம். இப்போது மூன்றாவதாக லித்தியம் பாட்டரியால் ஓடும் கைக்கருவிகள் வந்திருக்கின்றன. ஓசூர், கிருஷ்ணகிரிக் கடைவீதிகளில் கவாத்துக் கத்தரி முதல் சங்கிலி ரம்பம் வரையில் அவை விற்கப்படுகின்றன, விவசாயிகளும் வாங்கிவருகிறார்கள். இக்கருவிகள் நல்லவையே. அவை வாங்கப்படும் முறைதான் நல்லதாக இல்லை. கருவியைப் பார்த்து வாங்குகிறார்கள். பாட்டரியைப் பார்த்து வாங்குவதில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் பாட்டரி ஓய்ந்ததும், நன்றாயிருக்கும் கருவியும் அதனுடன் பரணுக்குப் போகிறது. பாட்டரியை முதலாகவும் கருவியை அதன் துணையாகவும் கருதி வாங்குவதே சரியான வழி என்பதையும், மானியம் வழங்கும் இலாகாவும் அவ்வழியையே கைக்கொள்ள வேண்டும் என்பதையும் இங்கே எடுத்துக் கூறுவது அவசியமாகிறது.

இக்கருவிகளுக்குத் தேவை ஏற்பட்ட காரணம் எல்லோரும் அறிந்ததே. ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வளர வளர, சுற்றுப்புறக் கிராமங்களின் இளைஞர்கள் காலையில் கம்பெனிப் பஸ்ஸில் ஏறுகிறார்கள். அதைக் குறை கூறுவதற்கில்லை. மாதச் சம்பளம் மழையை நம்பி இருப்பதில்லை. ஆனால் மரத்தில் ஏறிக் கவாத்துச் செய்யத் தெரிந்த ஆட்கள் ஊருக்கு இரண்டொருவராகக் குறைந்துவிட்டனர், அவர்களுக்கும் வயதாகிவிட்டது. இதன் விளைவைத் தோட்டங்களிலேயே காணலாம். பழக்கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா மரங்கள் கிளையோடு கிளை பின்னி நிற்கின்றன. உள்ளே வெயில் விழுவதில்லை, காற்றுப் போவதில்லை. காய்ப்பெல்லாம் குடையின் விளிம்பில் மட்டும் நிகழ்கிறது. பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் இத்தகைய இருண்ட தோப்புகளையே முதலில் பிடிக்கின்றன. பிறகு மருந்துக்குச் செலவிடுகிறார்கள். தெளித்த மருந்து உட்கிளையை எட்டுவதில்லை.

மாமரத்துக் கவாத்து பெரிய வித்தையன்று. அறுவடை முடிந்த பின், ஆடி ஆவணியில், காய்ந்த கிளைகளையும், நோய் கண்டவற்றையும், ஒன்றோடொன்று உராயும் கிளைகளையும் நீக்கி, நடுவில் வெளிச்சம் இறங்க ஒரு வாயில் திறந்துவிட வேண்டும். வெட்டுவாயில் போர்டோ பசையைப் பூச வேண்டும். 1 கிலோ மயில் துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர் என்பது அதன் அளவு. இவ்வேலையின் சுபாவத்தைச் சற்றுக் கவனித்தால் பாட்டரிக் கருவி இதற்கு ஏன் பொருந்துகிறதென்பது விளங்கும். ஒரு மரத்தில் ரம்பம் உண்மையில் அறுக்கும் நேரம் சில நிமிஷங்களே. மற்ற நேரமெல்லாம் அண்ணாந்து பார்ப்பதிலும், ஏணியை நகர்த்துவதிலும், விழுந்த கிளையை இழுப்பதிலும் கழிகிறது. பெட்ரோல் யந்திரமானால், அந்த நேரம் முழுதும் வீணாக இரைந்துகொண்டிருக்கும். நிறுத்தினால் மறுபடி கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும். பாட்டரி ரம்பம் விரலை அழுத்தும்போது மட்டும் சக்தியைச் செலவழிக்கிறது. விட்டு விட்டு நடக்கும் இலேசான வேலைக்கு இதைவிடத் தகுந்த யந்திரம் இல்லை.

மல்பெரித் தோட்டங்களில் தண்டோடு இலை வெட்டுவதும் இத்தன்மையதே. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்களில் இவ்வேலை பெரும்பாலும் பெண்களின் கையில் இருக்கிறது. அரிவாளால் நாள்தோறும் வெட்டி மணிக்கட்டு வீங்கியவர்களுக்குப் பாட்டரிக் கவாத்துக் கத்தரி ஒரு விடுதலை என்றே கூற வேண்டும். ரோஜாத் தோட்டக்காரர்களுக்கும் அது அவ்வாறே.

ஆயினும் எதற்கு இது உதவாதென்பதையும் ஒளிக்காமல் கூறிவிட வேண்டும். அதற்குக் கொஞ்சம் கணக்குத் தேவை. பாட்டரியின் மேல் வோல்ட் என்று ஓர் எண்ணும், ஆம்பியர்-மணி என்று ஓர் எண்ணும் அச்சிட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட்-மணி. பாட்டரி என்பது ஒரு குடம். வாட்-மணி என்பது அக்குடம் கொள்ளும் தண்ணீர். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணிப் பாட்டரி 90 வாட்-மணி கொள்ளும். மின்சாரக் கட்டணச் சீட்டில் காணும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. எனவே சார்ஜரில் போகும் நஷ்டத்தைச் சேர்த்தாலும், ஒரு யூனிட்டைக் கொண்டு அப்பாட்டரியை ஏறக்குறைய 9 முறை நிரப்பலாம். மின்சாரச் செலவு ஒரு பொருட்டேயன்று என்பது இதனால் விளங்கும். ஆனால் இதே கணக்கை மறுபுறம் திருப்பிப் பார்த்தால் பாட்டரியின் ஏழ்மையும் வெளிப்படும். ஒரு குதிரைசக்தி 746 வாட். 5 குதிரைசக்திப் பம்பு ஒரு மணி நேரம் ஓட வேண்டுமானால் மேற்படி பாட்டரிகள் 41-க்கு மேல் தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து, சிறிய யந்திரத்தின் வீண்செலவெல்லாம் போக, ஏறத்தாழ 1,500 வாட்-மணி வேலை கிடைக்கும். அது ஏறக்குறைய இப்பாட்டரிகள் பதினேழின் வேலைக்குச் சமம்.

ஆகையால் பாட்டரியைக் கொண்டு தண்ணீர் இறைக்க எண்ணுவது வீண். சூரிய சக்திப் பம்பு வேண்டுவோர்க்கு 2019-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய பி.எம். குசும் திட்டம் இருக்கிறது. அதிற் பாட்டரிக்கே வேலையில்லை. வெயில் உள்ளபோது இறைத்துத் தொட்டியில் நிறுத்திக்கொண்டால் தொட்டியே பாட்டரியாகிறது. அவ்வாறே ஒரு ஏக்கர் புதரை வெட்டுவது, அடிமரத்தை அறுத்துப் பலகையாக்குவது, இருபது அடிக்கு மேல் உயர்ந்த மாமரத்தின் உச்சிக்கு மருந்து வீசுவது ஆகியவையெல்லாம் பெட்ரோல் யந்திரத்துக்கோ டிராக்டரில் மாட்டிய தெளிப்பானுக்கோ உரியவை. 180 வாட்-மணிப் பாட்டரி மாட்டிய புல்வெட்டி, அடர்ந்த புதரில் இருபது நிமிஷம் ஓடினால் அதிகம். இதைச் சொல்லாமல் விற்கும் கடைக்காரர்மேல் வருத்தப்படுவதைவிட, கேட்காமல் வாங்குபவர் கணக்குப் போடக் கற்றுக்கொள்வது நலம்.

முதுகில் மாட்டும் தெளிப்பானைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. தக்காளி, முட்டைக்கோஸ், பீன்ஸ் பயிரிடுவோரிடையே பாட்டரித் தெளிப்பான் மிகப் பரவியிருக்கிறது. இவற்றிற் பெரும்பாலானவற்றில் இருப்பது 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பாட்டரி. 3 ஆம்பியர் இழுக்கும் பம்பானால் கணக்குப்படி இரண்டரை மணிக்கு மேல் ஓட வேண்டும். ஒரு பட்டம் கழிந்து மறு பட்டத்தில் எடுத்துப் பார்த்தால் அரை மணியில் நின்றுவிடுகிறது. பாட்டரி மோசமென்று சொல்கிறார்கள். உண்மையில் அது பட்டினியால் செத்தது. ஈய-அமிலப் பாட்டரியை வடிந்த நிலையில் மாதக்கணக்கில் கிடத்தினால் தகடுகளில் உப்புப் படிந்து கெட்டுவிடும். மாதம் ஒரு முறை சார்ஜ் செய்து வந்தால் இந்நிலை வராது. அதற்குப் பதிலாக லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் வகையில் 4 செல்களைச் சேர்த்த 12.8 வோல்ட் பாட்டரி இப்போது கிடைக்கிறது. ஈயப் பாட்டரி இரண்டரைக் கிலோ. இது அதில் பாதிக்கும் குறைவு. 16 லிட்டர் மருந்துடன் வரப்பில் நடப்பவருக்கு ஒன்றரைக் கிலோ குறைவதென்பது சிறு உதவியன்று. ஆனால் ஈயப் பாட்டரியின் பழைய சார்ஜரை இதற்கு மாட்டக் கூடாது. இதற்குரிய சார்ஜரைத்தான் உபயோகிக்க வேண்டும்.

இனி முக்கிய விஷயத்திற்கு வருவோம். இந்நாட்டு விவசாயி ஒரு காலத்தில் ஒரு ஜோடி ஆலம்பாடி மாடு வைத்திருந்தார். காலையில் அது ஏர் உழுதது. வெயிலேறியதும் கவலை இறைத்தது. அறுவடைக் காலத்தில் களத்தில் ராகிக் கதிரின்மேல் கல்லுருளையை இழுத்தது. சந்தை நாளில் வண்டியில் பூட்டப்பட்டது. ஏர், கவலை, உருளை, வண்டி என்னும் நான்கும் மலிவான கருவிகள். தச்சரும் கருமாரும் செய்து கொடுத்துவிடுவார்கள். முதல் முழுதும் மாட்டில் இருந்தது. எந்த நுகத்தடிக்கும் அந்தக் கழுத்துப் பொருந்தியது. ஏருக்கு ஒரு ஜோடி, வண்டிக்கு ஒரு ஜோடி, கவலைக்கு வேறு ஒரு ஜோடி என்று யாராவது வாங்கியிருந்தால், ஊரார் அவரைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள்?

இன்று பாட்டரிக் கருவி வாங்குவோர் அதைத்தான் செய்கிறார்கள். ஐந்து ஏக்கர் மாவும் அரை ஏக்கர் மல்பெரியும் உள்ள ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். அவர் ஒரு வருஷம் ஓசூரில் ஒரு கவாத்துக் கத்தரி வாங்குகிறார். மறு வருஷம் கண்காட்சியில் சலுகை விலையில் ஒரு சங்கிலி ரம்பம். மூன்றாம் வருஷம் மானியத்தில் ஒரு தெளிப்பான். மூன்றும் மூன்று கம்பெனிகளின் சரக்கு. பாட்டரியின் வோல்ட் ஒன்றாயிருந்தாலும் மாட்டும் பள்ளம் வேறு, பல் வேறு. ரம்பத்தின் பாட்டரி தெளிப்பானில் ஏறாது. கத்தரியின் சார்ஜர் ரம்பத்திற்கு ஆகாது. கவாத்துக் காலத்தில் தெளிப்பான் பாட்டரி சும்மா கிடக்கிறது. தெளிக்கும் காலத்தில் ரம்பத்தின் பாட்டரி சும்மா கிடக்கிறது. லித்தியம் பாட்டரி சும்மா கிடந்தாலும் வயது ஏறிக்கொண்டே போகும் பொருள். எனவே மூன்று பாட்டரிகளும் பாதி வேலை கூடச் செய்யாமலே கிழமாகின்றன. இத்தகைய கருவிகளில் பாட்டரியின் விலை பெரும் பகுதி. சிலவற்றில் பாட்டரி இல்லாத கருவியின் விலைக்கு மேலும் இருக்கும். மூன்றும் ஒரே குடும்பத்துக் கருவிகளாயிருந்து, இரண்டே பாட்டரிகள் மாறி மாறி ஏறுமானால், ஒன்று வேலை செய்ய மற்றொன்று சார்ஜ் ஆகும். முதலும் குறையும், பயனும் முழுமையாகும்.

மேல்நாட்டாருக்கும் இந்தத் தொல்லை இருந்தது. முதற்பாட்டரித் துளைக்கருவி 1961-ல் அமெரிக்காவில் பிளாக் அண்டு டெக்கர் கம்பெனியால் வெளியிடப்பட்டது. அது நிக்கல்-காட்மியம் வகை. லித்தியம்-அயான் பாட்டரியைச் சோனிக் கம்பெனி 1991-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னர் அது கைக்கருவிகளிலும் புகுந்தது. ஒவ்வொரு கம்பெனியும் தன் பாட்டரிக்குத் தனிப் பூட்டு வைத்தது. வாங்கியவர் வேறு கடைக்குப் போகாதிருக்க அதுவே தாம்புக்கயிறாயிற்று. 2018-ல் ஜெர்மனியில் மெட்டாபோக் கம்பெனி முன்னின்று, பல கம்பெனிகள் ஒரே பாட்டரியைப் பொதுவாகக் கொள்ளும் கூட்டு ஒன்றை ஏற்படுத்திற்று. 2020-ல் போஷ், கார்டேனா முதலியவை வீட்டு, தோட்டக் கருவிகளுக்கு மற்றொரு கூட்டைத் தொடங்கின. நம் நாட்டிலும் 2022-ல் நிதி ஆயோக் வாகனங்களுக்குப் பாட்டரி மாற்றும் கொள்கை ஒன்றின் நகலை வெளியிட்டு, பாட்டரிகள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டுமென்ற பேச்சைக் கிளப்பிற்று. அது ஸ்கூட்டரையும் ஆட்டோவையும் பற்றியது. விவசாயியின் கைக்கருவியைப் பற்றி யாரும் பேசவில்லை.

பேச வேண்டிய இடம் இந்த ஜில்லாவே. ஓசூரில் ஏதர், டி.வி.எஸ். கம்பெனிகளும், போச்சம்பள்ளிக்கருகில் ஓலாக் கம்பெனியும் மின்சார ஸ்கூட்டர்கள் செய்கின்றன. ஓலாக் கம்பெனி லித்தியம் செல்களையே செய்யும் ஆலையையும் அங்கு நிறுவியிருக்கிறது. செல்லைச் சோதிப்பதும், அடுக்கிப் பற்றவைப்பதும், காவல் அட்டையைப் பொருத்துவதும் நம்மூர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த தொழிலாகிவிட்டது. இவ்வளவிருந்தும், அவ்வாலைகளுக்கு அண்மையிலுள்ள மாந்தோப்புக்காரர் ஊர்பேர் தெரியாத பாட்டரியை வாங்கி, அது கெட்டால் எங்கே கொடுப்பதென்று தெரியாமல் நிற்கிறார்.

ஊர்பேர் தெரியாத பாட்டரிகளைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலிவான கருவிகளின் பெட்டியில் 48 என்றும், 88 என்றும், 98 என்றும் பெரிய எழுத்தில் அச்சிட்டு, பக்கத்தில் வி.எப். என்று இரண்டு எழுத்தைச் சேர்த்திருப்பதைக் காணலாம். இந்த வி.எப். என்பது எந்த அளவையும் அன்று, அலங்காரம். பிரித்துப் பார்த்தால் உள்ளே 5 செல்கள் வரிசையாக இருக்கும். ஒரு செல்லின் சாதாரண அளவு 3.6 வோல்ட், நிரம்பிய நிலையில் 4.2. ஐந்தைச் சேர்த்தால் சாதாரணமாக 18, நிரம்பினால் 21. அவ்வளவே. 18 என்றும் 20 என்றும் 21 என்றும் மூன்று கடைகளில் விற்பது ஒரே பொருள்தான்.

ஆம்பியர்-மணியிலும் இப்பொய் உண்டு. அதைக் கண்டுபிடிக்கத் தராசு போதும். 18650 என்னும் பெயருள்ள செல் 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது. எடை 45 முதல் 48 கிராம். மிக உயர்ந்த ரகமும் மூன்றரை ஆம்பியர்-மணிக்குமேல் கொள்வதில்லை. ஆகவே ஒரே வரிசையில் ஐந்து செல்லுள்ள பாட்டரி மூன்றரைக்குமேல் இருக்க முடியாது; இரு வரிசையில் பத்துச் செல்லுள்ளது ஏழுக்குமேல் இருக்க முடியாது. பத்துச் செல்களின் எடையே 450 கிராமுக்குக் குறையாது. கூட்டோடு சேர்த்தால் 600 கிராமை நெருங்கும். பத்துச் செல் என்று சொல்லிக் கையில் கொடுத்த பாட்டரி 400 கிராம்தான் நிற்குமானால், கடையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். செல்களுக்கு இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 16046 பதிவு கட்டாயம். அவ்வெண்ணும் முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்ப்பது அடுத்த படி.

இப்போது மானியத்தின் விஷயம். 2014-15-ல் தொடங்கிய வேளாண்மை யந்திரமயமாக்கும் உபதிட்டத்தின் கீழ், சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு விலையில் 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், குறித்த உச்சவரம்புக்குள், மானியமாகக் கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. வாடகை மையங்களுக்கும் உதவி உண்டு. இம்மானியம் யந்திரத்தைக் கணக்கிட்டு ஏற்பட்டது. டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் அது சரி; டீசல் எந்தக் கம்பெனியின் டாங்கியிலும் ஊற்றலாம். பாட்டரிக் கருவிக்கு அவ்வாறு கணக்கிட்டால், ஒவ்வொரு கருவியோடும் ஒரு தனிப் பாட்டரியை விவசாயியின் தலையில் கட்டுவதாகவே முடியும். ஆகையால் மானியப் பட்டியலில் இடம்பெற விரும்பும் கம்பெனி, பாட்டரியைத் தனியாகவும் விற்க வேண்டும். பாட்டரி இல்லாத கருவியையும் விற்க வேண்டும். வாட்-மணியைக் கூட்டின்மேல் தெளிவாக அச்சிட வேண்டும். கருவி விற்ற பிறகு குறைந்தது ஏழு வருஷத்துக்கு அதே பள்ளத்தில் ஏறும் பாட்டரி கிடைக்கச் செய்ய வேண்டும். ஜில்லாவுக்குள் ஒரு பழுது பார்க்கும் இடமாவது வைக்க வேண்டும். இந்நிபந்தனைகளுக்குச் சர்க்காருக்கு ஒரு ரூபாய் அதிகச் செலவில்லை. பல கம்பெனிகள் ஒரே பாட்டரிக்கு உடன்படுமானால் அவற்றுக்கு முதலிடம் கொடுப்பதும் நியாயமே.

கம்பெனிகள் இதற்கு இணங்கா என்று சிலர் கூறலாம். மானியத்துக்காக ஒவ்வொரு கம்பெனியும் எவ்வளவு தூரம் வளைந்து கொடுக்கிறதென்பதை அறிந்தவர்கள் இவ்வாறு கூறமாட்டார்கள். வேறு சிலரின் ஆட்சேபம் இன்னும் கனமானது. பெட்ரோல் யந்திரம் கெட்டால் ஊர் மெக்கானிக் அரை நாளில் சரி செய்துவிடுவார். பாட்டரி கெட்டால் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை என்கிறார்கள். இன்றைய நிலையில் இது உண்மை. ஆனால் அது பாட்டரியின் குறையன்று. பழுது பார்ப்பவர் இல்லாத குறை. பத்துச் செல்லுள்ள பாட்டரியில் பெரும்பாலும் ஒன்றிரண்டே கெட்டிருக்கும். ஆலையில் இவ்வேலை பழகி ஊர் திரும்பிய ஒரு வாலிபர், தகுந்த சோதனைக் கருவியுடன் தாலுகாவுக்கு ஒரு கடை வைத்தால் அவருக்கும் பிழைப்பு, விவசாயிக்கும் மிச்சம். தனியே வாங்க முடியாத சிறு விவசாயிகளுக்கோ வாடகை மையமே சிறந்த வழி. ஒரே குடும்பத்துக் கருவிகளும் எட்டுப் பாட்டரிகளும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தால், கவாத்துக் காலம் முழுவதும் ஊர்த் தோட்டங்களைச் சுற்றி வரும்.

தோட்டத்திலேயே தங்கி வேலை செய்வோர் ஒரு சூரியத் தகட்டைப் பாட்டரியுடன் சேர்த்து எண்ண வேண்டும். 100 வாட் தகடு, இப்பக்கத்து நல்ல வெயிலில், நஷ்டம் போக ஏறக்குறைய 300 வாட்-மணி தரும். மேற்கூறிய பாட்டரிகள் மூன்றை நிரப்ப அது போதும். இன்வெர்ட்டருடன் கூடிய பெட்டிப் பாட்டரிகளும் வந்திருக்கின்றன. அவை 230 வோல்ட் தருவன. அதை யாரும் வேலிக் கம்பியில் இணைக்கத் துணிய வேண்டாம். 2023 மார்ச்சில் தர்மபுரி ஜில்லா மாரண்டஹள்ளிக்கருகில் திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் மடிந்த செய்தியை இவ்வட்டாரத்தில் மறந்தவர் இருக்க மாட்டார்கள். மனிதனும் அவ்வாறே மடிவான்.

பாட்டரியைப் பேணுவதில் கடினம் ஒன்றுமில்லை, கட்டுப்பாடுதான் வேண்டும். கடும் வேலைக்குப் பின் சுடும் பாட்டரியை உடனே சார்ஜரில் போடாமல் அரை மணி ஆறவிட வேண்டும். 45 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் சார்ஜ் செய்யலாகாது. சித்திரை மாதத்துத் தகரக் கொட்டகை அந்த அளவைத் தாண்டும். கூரை வீட்டிலும், வைக்கோற்போரருகிலும், கட்டிலின் கீழும், எல்லோரும் உறங்கும் நேரத்திலும் சார்ஜ் செய்யக் கூடாது. பருவம் முடிந்து எடுத்து வைக்கும்போது முழுதும் நிரப்பாமலும், முழுதும் வடியவிடாமலும், பாதியளவில் நிழலான இடத்தில் வைக்க வேண்டும். வீங்கியது, ஒழுகியது, உயரத்திலிருந்து விழுந்து நசுங்கியது எதையும் மறுபடி மாட்டாமல் வீட்டுக்கு வெளியே ஒதுக்க வேண்டும். தீப்பற்றினால் ஏராளமான தண்ணீரை ஊற்றிக் குளிரச் செய்ய வேண்டும். அணைந்தது போல் தோன்றி மறுபடி மூளுவது இதன் வழக்கம். 2022-ல் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்ததன் பின் வாகனப் பாட்டரிகளுக்கு மத்திய சர்க்கார் விதிகளைக் கடுமையாக்கிற்று. கைக்கருவிகளை அவ்விதிகள் தொடவில்லை. ஆகவே இங்கு ஜாக்கிரதை வாங்குபவருடையதே.

ரம்பத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெட்ரோல் ரம்பம் இரைந்து தன்னை அறிவிக்கும். பாட்டரி ரம்பம் பொம்மை போல் சும்மா கிடக்கும். விரல் பட்டதும் பாயும். சங்கிலியைத் தொடுமுன் பாட்டரியைக் கழற்றுவது ஒருபோதும் தவறக் கூடாத வழக்கமாக வேண்டும். ஒற்றைக் கையில் ரம்பத்தைப் பிடித்து மரத்தில் ஏறுவதைவிட, நீண்ட கழியில் பூட்டிய ரம்பத்தால் தரையில் நின்று அறுப்பது மேல். அருகில் மின்கம்பி போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓய்ந்துபோன பாட்டரிகளின் விஷயம் ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் கவனிக்க வேண்டியது. 2022-ஆம் வருஷத்துப் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற கம்பெனியே பழைய பாட்டரியைத் திரும்பப் பெற்றுச் சுத்திகரிப்புக்கு அனுப்பக் கடமைப்பட்டது; அதைக் குப்பையில் புதைப்பதும் எரிப்பதும் கூடாது. கிராமத்தில் நடப்பதோ வேறு. பழைய இரும்புக்காரர் வாங்க மறுத்ததைக் குளத்தங்கரையில் எறிகிறார்கள். சிறுவர்கள் கல்லால் உடைக்கிறார்கள். ஊராட்சி அலுவலகத்தின் வெளியே, மழை படாத மூலையில், மணல் நிரப்பிய ஒரு மூடியுள்ள பெட்டி வைத்தால் முதற்காரியம் முடிந்தது. பாட்டரியின் முனைகளில் ஒட்டுத்தாள் சுற்றி அதில் போட வேண்டும். பெட்டி நிறைந்ததும் விற்றவருக்குக் கடிதம் எழுதி எடுத்துப் போகச் சொல்ல வேண்டும். எடுக்க வராதவர்களின் பெயர்களை வேளாண்மைப் பொறியியல் இலாகாவின் உபகோட்ட அலுவலகத்துக்கு எழுதினால், அடுத்த மானியப் பட்டியல் தயாராகும்போது அந்தக் கடிதங்கள் பயன்படும். இவ்வருஷத்து ஆனி மாதத்துக்குள், கவாத்துக்கு ஆட்கள் இறங்குமுன், ஒவ்வோர் ஊரிலும் எத்தனை பாட்டரிக் கருவிகள், எத்தனை வகைப் பாட்டரிகள், எத்தனை பரணில் கிடக்கின்றன என்பதை ஒரு தாளில் எடுத்துவைப்பது அவ்வலுவலர்களுக்கு ஒரு நாள் வேலை.